ராகினிப் போட்டிக்கு ஒரு மதராசி நடுவர்

தில்லியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் நான் தில்லியைப் பார்த்ததில்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ், அங்கிருந்து ஆபீஸ், சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளியும் அப்பளமும். இதுதான் என் தில்லி. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு குதுப்மினாரைக் காட்டுவேன், அதுவும் கேட்டுக்கு வெளியே நின்று. ஆகவே, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்கால சனிக்கிழமை நஜஃப்கர் தாண்டிப் போய்வந்ததை வெளிநாட்டுப் பயணம் என்றே சொல்லிவருகிறேன். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போகச் சொன்னவர் தரம்பால். ஆபீசில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். அரியானாவுக்குள் விழுந்துவிடாமல் தில்லியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு ஜாட் கிராமம் அவருடையது. வசந்த பஞ்சமியை ஒட்டி அங்கே வருஷாவருஷம் கலைவிழா நடக்கும். மல்யுத்தம், பெண்களின் பாட்டு, பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்கள், கடைசியாக ராகினிப் போட்டி. ராகினி என்றால் அவர்களுடைய கதைப்பாட்டு. ஒரு கோஷ்டி கேள்வியைப் பாட்டாகப் போட, எதிர்க்கோஷ்டி பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும்.

"சுப்பு பாய், இந்த வருஷம் நீங்கதான் ஜட்ஜ்" என்றார் தரம்பால்.

நான் திடுக்கிட்டேன். எனக்கும் சங்கீதத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் ஒரு பிரிவு உபசார விழாவில் யாரோ கஜல் பாடியபோது நான் கண்ணை மூடித் தலையை ஆட்டியதை செக்‌ஷனே பார்த்திருந்தது. நான் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். அவர்கள் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார்கள். மதராசி என்றால் கணக்கும் சங்கீதமும் கூடவே பிறந்திருக்கும் என்பது அவர்களுடைய முடிவு. என் கணக்கைப் பற்றி அக்கவுண்ட்ஸ்காரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

"உங்க ஊர்லயே ஆள் இல்லையா?"

"அங்கேதான் வம்பே" என்று தரம்பால் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். "எங்க ஊர்ல ரெண்டு பானா. போன வருஷம் பக்கத்து ஊர் வாத்தியார் ஒருத்தர் மேல் பானா ஜெயிச்சதுன்னார். அவர் மனைவியோட மாமா மேல் பானான்னு அப்புறம் தெரிஞ்சது. ஆர்மோனியம் போச்சு, நாலு மண்டை போச்சு. அன்னிலேர்ந்து ரெண்டு பானாவும் ஒரே ஹுக்காவுல வாய் வைக்கிறதில்லை. அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணம், சுப்பு பாய். மாப்பிள்ளை ஊர்வலம் வர்றப்ப பாதி ஊர் கதவைச் சாத்திக்கிட்டா, நான் எந்த முகத்தோட நிப்பேன்? மதராசிக்கு எங்க ஊர்ல எவனும் உறவில்லை. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

பானா என்பது நம்மூர் மேலத்தெரு, கீழத்தெரு மாதிரி. சண்டையும் அதே மாதிரிதான். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இரண்டு தெரு முளைப்பாரி ஊர்வலம் எதிரெதிரே வந்தால் நான் எந்தத் திண்ணைக்குப் பின்னால் ஒளிவேன் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆபீசில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்பார்கள், அதற்கு நேர்மாறாகச் செய்வதற்கு. ஒரு முழு ஊர் என் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது என்றதும் எனக்குள் ஏதோ வீங்கிவிட்டது. "அச்சா" என்றேன்.

என் மனைவி ராஜி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கதவு திறந்தது. அவளுக்கு நிஜமாகவே பாட்டு வரும். கல்யாணத்துக்கு முன்னால் முறையாகக் கற்றுக்கொண்டவள். "ஏங்க, குக்கர் விசிலுக்கும் புல்லாங்குழலுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு? பாவம் அந்த மனுசன், பொண்ணு கல்யாணத்த வச்சிருக்காரு" என்றாள். சிரித்து முடித்தபிறகு வழியும் அவளே சொன்னாள். "நானும் வாரேன். உங்க கண்ணுல படுற மாதிரி உக்காருதேன். முதல் கோஷ்டி நல்லாப் பாடுச்சுன்னா முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிடுதேன். ரெண்டாவது கோஷ்டின்னா பேசாம இருக்கேன். அதப் பாத்துச் சொல்லிருங்க." இதைவிட எளிய ஏற்பாடு உலகத்தில் உண்டா? நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். வித்வான் மாதிரித் தெரிய வேண்டும் என்று எட்டு முழ வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மேலே ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாவும் போட்டிருந்தேன். தில்லிக் குளிருக்கு வேட்டி எப்படிப்பட்ட உடை என்பதைப் பஸ் ஸ்டாப்பில் நின்ற சிறிது நேரத்திலேயே தெரிந்துகொண்டேன். நஜஃப்கர் வரை ஒரு பஸ். அங்கே ஒரு தனியார் பஸ்ஸில் மாறினோம். அது கடுகு வயல்களுக்கு நடுவே ஒரு முனகல் முனகி நின்றது.

"ஆம்பளைங்க எல்லாம் இறங்குங்க பையா, ஜல்தி!" என்றான் கண்டக்டர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் தள்ளினேன். பஸ் உறுமியது, கிளம்பியது, போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்ற பயத்தில் டிரைவர் நிறுத்தவே இல்லை. பெண்கள் இறங்க வேண்டியதில்லை என்பதால் ராஜி உள்ளேயே இருந்தாள். பின் கண்ணாடி வழியாக அவள் கை ஆட்டியது தெரிந்தது. அவள் முகத்தில் கவலை இருந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸைத் தள்ளிய நாங்கள் எல்லாரும் கடுகுப் பூக்களுக்கு நடுவே நின்றோம். பிறகு ஒரு ஜுகாட் வந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, நாலு சக்கரம் வைத்தால் அதுதான் ஜுகாட். நம்பர் பலகையும் கிடையாது, விளக்கும் கிடையாது. பிரேக்கும் கிடையாது என்பதை முதல் திருப்பத்தில் அறிந்தேன். பின்னால் இருந்த ஒருவர் ஒரு கட்டையோடு கீழே குதித்து அதைச் சக்கரத்துக்கு அடியில் எறிந்தார். வண்டி நின்றது. நான் மட்டும் நிற்காமல் முன்னால் இருந்த தீவன மூட்டை மேல் போய் விழுந்தேன். தவிடு பூசிய விபூதியோடுதான் ஊர் எல்லையில் இறங்கினேன்.

வரவேற்கக் காத்திருந்தவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "பெரிய வித்வான்தான், ஆசாமி உடம்பைப் பத்திக் கவலையே படலை" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். தரம்பால் வீட்டுக்குப் போனால் ராஜி கூடத்தில் பெண்கள் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பித்தளைச் செம்பில் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அரைமணிக்குள் அந்த வீட்டின் மூத்த மகள் மாதிரி ஆகிவிட்டாள்.

அந்த ஊர்ப் பேச்சில் 'நீங்கள்' என்பதே கிடையாது. அப்பாவுக்கும் நீ, எருமைக்கும் நீ, நடுவருக்கும் நீ. "சாப்பிடு மாஸ்டர், என்ன குருவி மாதிரி கொத்தறே" என்று ஒரு அம்மாள் கம்பு ரொட்டியின் மேல் வெண்ணெயை உருண்டையாக வைத்தாள். நான் போதும் என்று கையை இலைக்கு மேலே விரிக்கிற மாதிரி விரித்தேன். கை மேலேயே இன்னொரு உருண்டை விழுந்தது. ரசத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு கரண்டி ரசத்துக்கு அப்போது என் பி.எஃப். பணத்தில் பாதியைக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் காலை தரம்பாலின் மகள் சுனீதா டீ கொண்டுவந்தாள். தினமும் பஸ்ஸில் போய் பி.ஏ. படிக்கிற பெண், அதனால் அவளுக்கு 'நீங்கள்' வரும். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சாச்சாஜி, உங்களுக்கு நிஜமாவே பாட்டு தெரியுமா?"

"ஏதோ கொஞ்சம்" என்று பொய் சொன்னேன். அடக்கம் மாதிரி வந்து விழுந்த பொய்.

"சின்ன வயசுல மேல் பானா ரண்தீர் பெரியப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சு மேளா காட்டுவார். ஒவ்வொரு வருஷமும். இந்த ஒரு வருஷமா தெருவுல என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறார். கல்யாணத்தன்னிக்கு என் தலையில அவர் கை வைக்கணும் சாச்சாஜி. நகை நட்டு கூட வேணாம் எனக்கு." கண் கலங்கியதை மறைக்க டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பாதி டீதான் குடித்திருந்தேன்.

அதுவரை எனக்கு எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து இல்லை. ராஜியை மட்டும்தான் நம்பியிருந்தேன்.

மத்தியானம் விழா. வேப்பமரத்தடியில் இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்துக் கட்டியதுதான் மேடை. பள்ளிப் பிள்ளைகளின் படங்களைக் கயிற்றில் துணி மாதிரிக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். பாதிக்குமேல் எருமை. ஒரு பிள்ளை மட்டும் ஆகாயவிமானம் வரைந்து, அதற்கும் கொம்பு வைத்திருந்தது. மல்யுத்தம் முடிந்து மண் அடங்கியதும் மேடைக்கு வலப்பக்கம் மேலத்தெருவும் இடப்பக்கம் கீழத்தெருவும் உட்கார்ந்தன. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு வெற்றிடம். அதில் ஒரு நாய்கூடப் படுக்கவில்லை.

என்னை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேலத்தெருப் பெரியவர் ரண்தீர் மேடையேறினார். பனைமரம் மாதிரி ஆள். தன் வெள்ளைத் தலைப்பாகையைச் சுருள் கலையாமல் கழற்றி என் மடியில் வைத்தார். கீழத்தெருப் பெரியவர் ஹர்பூல், குள்ளம், பெரிய மீசை. தன் காவித் தலைப்பாகையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். நம்மூரில் பொன்னாடை போர்த்துவார்கள், இங்கே உபயோகித்ததையே கொடுக்கிறார்கள், சிக்கனமான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து இருவருக்கும் கும்பிடு போட்டேன். தரம்பால் என் காதில் நீளமாக ஏதோ விளக்கினார். அதற்குள் மேளம் தொடங்கிவிட்டதால் ஒன்றும் கேட்கவில்லை. "அச்சா, அச்சா" என்றேன்.

அவர் சொன்னது இதுதான் என்று திரும்பும்போது தெரிந்துகொண்டேன். தலைப்பாகை அவர்களுடைய மானம். தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்பதற்கு அடையாளமாக அதை நடுவரிடம் ஒப்படைக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் நடுவர் வாய் திறக்க வேண்டியதில்லை. யாருடைய தலைப்பாகையை அவர் தலையில் முதலில் திருப்பி வைக்கிறாரோ, அவருடைய கோஷ்டி ஜெயித்தது. பிறகு மற்றவருக்கு அவருடையது.

மேலத்தெருக் கோஷ்டி முதலில் பாடியது. ஒல்லியான ஓர் இளைஞன், ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குரலை வானத்துக்கு அனுப்பினான். கீழத்தெருவில் பாடியவர் பால் வண்டி ஓட்டுகிறவராம். கூட ஒருவர் பானையின் வாயில் ரப்பர் கட்டி அடித்தார். நம் கடத்துக்கு முரட்டு அண்ணன் ஒருவன் இருந்தால் அப்படித்தான் ஒலிக்கும். கேள்வி, பதில், கேள்வி, பதில். கூட்டம் துள்ளியது. எனக்கு இரண்டும் சத்தமாக இருந்தன என்பதற்குமேல் ஒன்றும் புலப்படவில்லை. கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன் என்று பயந்து விழித்துக்கொண்டே இருந்தேன்.

ராஜியைத் தேடினேன். கூட்டத்தில் பெண்களே இல்லை. "லேடீஸ் எங்கே?" என்றேன். தரம்பால் எதிர்வீட்டு மொட்டை மாடியைக் காட்டினார். அங்கே இரண்டு தெருப் பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முகம் காட்டக்கூடாது என்பதால் எல்லாரும் துப்பட்டாவைத் தலையில் போட்டு முகவாய்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். குளிருக்கு அதன்மேல் போர்வை வேறு. அதில் எது ராஜி? எங்கள் ஏற்பாட்டின்படி அந்த மாடியே ஒருமுகமாக மேலத்தெருவுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது. பானைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். ரண்தீர் என் வலப்பக்கம் வந்து நின்றார், ஹர்பூல் இடப்பக்கம். இரண்டு வெறுந்தலைகளும் வெயிலில் மின்னின. கூட்டத்தில் சில கைகள் கழிகளைத் தேடியதைப் பார்த்தேன். தரம்பால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. எனக்காக வேண்டிக்கொண்டாரோ, என்னைத் திட்டினாரோ, தெரியாது.

ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன். போகும்முன் மரியாதையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் தமிழ்க் கூட்டங்களில் மைக் செட்டுக்குப் பொறுப்பாக இருந்ததால் எத்தனையோ பொன்னாடைகளைப் பார்த்திருக்கிறேன். போர்த்தியவருக்கே அதைத் திருப்பிப் போர்த்தினால் அவமானம். உன் மரியாதை எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கிற இன்னொரு பெரியவருக்குப் போர்த்த வேண்டும், அதுதான் பண்பு. ஆகவே ரண்தீரின் வெள்ளைத் தலைப்பாகையை எடுத்து ஹர்பூலின் தலையில் வைத்தேன். ஹர்பூலின் காவித் தலைப்பாகையை எடுத்தேன். ரண்தீர் உயரம் என்பதால் நாற்காலி மேல் ஏறி அவர் தலையில் வைத்தேன். இறங்கிக் கும்பிடு போட்டேன்.

எருமைகள் அசைபோடுவது கேட்டது. ஹர்பூலின் மீசை துடித்தது. ரண்தீர் காவித் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். கழற்றவில்லை. பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். செத்தேன் என்று நினைத்தேன்.

"தலைப்பாகை மாறிப்போச்சு" என்றார் ரண்தீர்.

"மாறிப்போச்சு" என்றார் ஹர்பூல்.

இரண்டு பேரும் என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தழுவிக்கொண்டார்கள். நான் நடுவில் நசுங்கினேன். கூட்டம் எழுந்து கத்தியது. நடுவில் இருந்த வெற்றிடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. யாரோ ஒரு ஹுக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தரம்பால் என்னைக் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதார். "சுப்பு பாய், தலைப்பாகை மாத்திக்கிட்டா கூடப் பிறந்த பிறப்பு மாதிரி. சாகற வரைக்கும் பிரிய முடியாது. இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஏதோ கொஞ்சம்" என்றேன்.

யார் ஜெயித்தார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் ராஜியிடம் நான் கேட்டேன். "மேலத்தெருப் பையன்தான். முதல் பாட்டுலயே மாடி முழுக்க அதத்தான் சொல்லிச்சு, கீழத்தெருப் பொம்பளைங்களும் சேந்து" என்றாள். "இந்தச் சண்டையே ஆம்பளைங்களுதாம். ஒரு வருசமா இவங்க வீட்டு மோரு அவங்க வீட்டுச் சுவரேறிப் போய்க்கிட்டுதான் இருந்துச்சாம்."

திங்கட்கிழமை ஆபீசில் நான் சாணக்கியன். தரம்பால் கதையைச் சொல்லச் சொல்ல, நான் ஒன்றும் பேசாமல் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டு புன்னகை செய்தேன். மாதக் கடைசிக்குள் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறேன், உள்ளுணர்வு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று ராஜியிடம் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் போனோம். இந்தத் தடவை பேண்ட் போட்டுக்கொண்டேன். ஊர்வலம் வந்தபோது ஒரு கதவும் சாத்தியிருக்கவில்லை. சுனீதா புறப்படும்போது காவித் தலைப்பாகையோடு ரண்தீர் ஒரு பக்கமும், வெள்ளைத் தலைப்பாகையோடு ஹர்பூல் மறுபக்கமும் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரண்தீர் அவள் தலையில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை, டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை.

கார் போன பிறகு ரண்தீர் என்னைக் கட்டிலில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மாஸ்டர், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

நான் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தேன்.

"நாற்காலி மேல ஏறினபோது உன் மூஞ்சியப் பாத்தேன். ஆட்டுக்குட்டி மூஞ்சி. தெரிஞ்சு செஞ்சிருந்தியோ, அங்கேயே கழட்டி வீசியிருப்பேன். ஒரு வருஷமா எத்தனை புத்திசாலிங்க வந்து எங்களைச் சேத்து வைக்கப் பாத்தாங்க! ஒவ்வொருத்தன் வந்தப்பவும் ரோஷம்தான் ஏறிச்சு. இவன் யார் எனக்குச் சொல்றதுக்குன்னு. நீ ஒருத்தன்தான் ஒண்ணும் தெரியாம வந்தே."

"எனக்கும் தெரியும்" என்றார் ஹர்பூல், ஹுக்காவிலிருந்து வாயை எடுத்து. "ரண்தீரைப் பாத்தேன். இவனுக்கும் தெரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. ரெண்டு பேரும் பேசாம இருந்துட்டோம்."

என் சாணக்கியத்தனம் அந்தக் கட்டிலடியில் போய்ச் சேர்ந்தது. ஆச்சரியம், எனக்கு வருத்தமே வரவில்லை. என் அறியாமையால் யாருக்காவது நல்லது நடந்தது அதுதான் முதல் தடவை. ரண்தீர் புதுத் துணி ஒன்றை எடுத்து என் தலையில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு முனையை ஹர்பூல் பிடித்துக்கொண்டார். "இதை எவன் தலையிலயும் வச்சுடாதே" என்று சொல்லி ரண்தீர் இறுக்கிக் கட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் அதைக் கழற்றவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கட்டின விதத்தைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். "அங்கேதானே? எந்தப் பானா நீ?"

பெண்கள் சீட்டிலிருந்து ராஜி திரும்பிப் பார்த்தாள், நான் என்ன உளறப்போகிறேன் என்று.

"ரெண்டும்" என்றேன்.